ஊற்று மரத்து நோட்டீஸ்

சுவரில் ஒட்டியிருக்கும் எதையும் நின்று படிக்காமல் நகர முடியாத வியாதி எனக்கு உண்டு. முப்பத்தைந்து வருட அரசு உத்தியோகத்தில் நான் சேர்த்த நிரந்தரச் சொத்து அது ஒன்றுதான். பஸ் நிலையத்தில் ஏல அறிவிப்பு, ரேஷன் கடைக் கதவில் இருப்பு விவரம் என்று எதையும் விடுவதில்லை. கீழே தேதி இருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா, நகல் யாருக்கெல்லாம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன். காலையில் என்னோடு நடக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் எனக்காக நிற்பதில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ச் சோலைக்காட்டைப் பற்றி ஓர் அறிவிப்பு வந்தது. உள்ளே நுழையக் கட்டணமும் அடையாள அட்டையும் கொண்டுவர உத்தேசம். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம். அறிவிப்பு இணையதளத்தில் இருந்தது. அதை யாரும் கிழித்துவிட முடியாது. யாரும் படித்துவிடவும் முடியாது. முதல் நாளே என் ஆட்சேபணையை எழுதி அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகையும் வாங்கினேன். இரண்டு வாரம் கழித்து நிலவரம் கேட்கப் போனபோது அங்கிருந்த இளைஞன் கணினியைப் பார்த்துச் சொன்னான்: "இதுவரைக்கும் வேற ஒண்ணும் வரலீங்க மேடம்."

அந்த வாக்கியத்தை நான் ஒன்பது வயதில் முப்பது நாள் தொடர்ந்து கேட்டிருக்கிறேன். அப்போது அதைக் கேட்டு மகிழ்ந்தும் இருக்கிறேன். அரசு நோட்டீஸ் ஒன்றை அகற்றிய குற்றவாளிக்கு வேறு எப்படி இருக்கும்?

எங்கள் ஊர் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு மலை மடிப்பில் இருக்கிறது. அன்றைக்கு ஊர் என்றால் ஒரு கடைவீதி, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு டவுன் பஞ்சாயத்து அலுவலகம். கடைவீதிக்கு மேலே சோலை. சோலைக்கு மேலே பங்களாக்கள். சோலையின் மறுபக்கச் சரிவில் தேயிலை எஸ்டேட்டும் அதன் தொழிலாளர்களுக்கான லைன் வீடுகளும். அப்பா பஞ்சாயத்து அலுவலகத்தில் கிளார்க்.

லைனிலிருந்து கடைவீதிக்குச் சோலை வழியாக வந்தால் கால் மணி நேரம். ரோட்டைச் சுற்றி வந்தால் மூன்று மைல். அதனால் சோலைக்குள் ஒரு பாதை, யாரும் போடாமலே, கால்களால் ஆகியிருந்தது. பாதையின் நடுவில் பெரிய நாவல் மரம். அதன் அடியில் ஊற்று. ஊற்றுக்கு மூங்கில் குழாய். லைன் பெண்கள் அங்கேதான் தண்ணீர் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். மலைக் கிராமங்களிலிருந்து பஸ்ஸுக்குப் போகும் படகர் இனப் பெரியவர்கள் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு இளைப்பாறினார்கள். பெருநாளுக்கு மறுநாள் கடைவீதி பாய் குடும்பங்கள் பிரியாணிச் சட்டியோடு மேலே ஏறின. நாங்கள் பிள்ளைகள் சோலை ஓரத்துப் புதர்களில் தவிட்டுப்பழம் பறித்து, நாக்கை ஊதா நிறமாக்கிக்கொண்டு வீடு திரும்பி அடி வாங்கினோம். ஊட்டிப் பூங்காவைப் பார்க்க பஸ்ஸுக்கும் டிக்கெட்டுக்கும் காசு வேண்டும். இங்கே வர இரண்டு கால் இருந்தால் போதும்.

பங்களாக்காரர்கள் மரங்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். மரங்களை உண்மையாகவே நேசித்தார்கள். சோலையை முப்பது வருடக் குத்தகைக்குக் கொடுத்தால் வேலி போட்டு, கேட் வைத்து, காவலாள் நிறுத்தி, ஒரு கிளை ஒடியாமல் பார்த்துக்கொள்வதாக மனு கொடுத்தார்கள். விறகு ஒடிக்கிறார்கள், ஊற்றில் சோப்பு கலக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள் என்று எழுதியிருந்தது. அத்தனையும் உண்மைதான். உறுப்பினர்களிடம் கேட் சாவி இருக்கும். மற்றவர்கள் ரோட்டைச் சுற்றி வருவார்கள். மனுவில் அந்த ஒரு பத்தி மட்டும் விட்டுப்போயிருந்தது.

பஞ்சாயத்தின் நிர்வாக அதிகாரியை எல்லோரும் ஈ.ஓ. என்பார்கள். குத்தகைக்கு முன் ஒரு நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு கோப்பில், 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை' என்று எழுதுவார்கள். அரசு அலுவலகங்களில் இதைவிட ஆசையாக எழுதப்படும் வாக்கியத்தை நான் கண்டதில்லை.

நோட்டீஸ் ஒட்டுவது பியூன் வேலை. பியூன் தங்கை கல்யாணத்துக்காக மேட்டுப்பாளையம் போயிருந்தார். போகும்முன், வரப்போகும் நோட்டீஸ்களுக்கெல்லாம் வெற்றுப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுத்தான் போனார், பொறுப்பான மனிதர். ஆகவே ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவே கிளம்பினார். பசை எங்கள் வீட்டு அடுப்பில் காய்ந்தது.

"மைதா இருக்கறதே ரெண்டு கை. அதையும் உங்க கவர்மெண்டுக்குக் கரைச்சு ஊத்தியாச்சு," என்றாள் அம்மா. "அதுல மயில்துத்தத்தை வேற போட்டுட்டீங்க. இனி அந்தக் கிண்ணத்துல யாருங்க சமைக்கறது?"

"பூச்சி அரிக்காம இருக்கோணுமில்ல? ஒரு மாசம் நிக்கோணும்," என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "கண்ணு, வர்றியா? டின்ன நீ புடிச்சுக்க" என்றார்.

போகும் வழியில் டீக்கடை பாயிடம் இன்னொரு சாட்சிக் கையெழுத்து.

"இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்றார் பாய், டீயை ஆற்றியபடியே.

"படிச்சுத்தான் பாருங்களேன், பாய்."

"கண்ணாடி ஊட்ல கெடக்குதுங்க. உங்களை நம்பாம வேற யாரை நம்பறது?" என்று கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ஒரு சொட்டு டீயும் விட்டார்.

அன்று நல்ல மூடுபனி. கடைவீதியைத் தாண்டிய பிறகு ஒரு மனிதரையும் பார்க்கவில்லை. சோலைக்குள் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் அப்பா நின்றார். மேலே போனால் பங்களாக்கள் பக்கத்து எல்லைக்கல். நேரே போனால் ஊற்று. எல்லைக்கல்லில் ஒட்டிவிட்டு வரும்படி ஈ.ஓ. வாயால் சொல்லியிருந்தார். அப்பா சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து இன்னொரு முறை படித்தார்.

"'யாவரும் காணும் இடத்தில்'னுதான் போட்டிருக்குது. மேலே யாரு பாக்கறாங்க? காட்டெருமை பாக்கும்," என்று சொல்லிவிட்டு நேரே நடந்தார்.

நாவல் மரத்தில், என் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பாசியைக் கையால் தேய்த்துவிட்டு ஒட்டினார். நான் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பாத்துக்க கண்ணு, நீதான் நெசமான சாட்சி," என்று சிரித்தார்.

"இத ஒட்டுனா என்னாகும்ப்பா?"

"ஒட்டி முப்பது நாள் ஆனா இங்க கேட்டு போடுவாங்க."

கேட்ட கேள்விக்கு மட்டும் சரியாகப் பதில் சொல்வது கிளார்க்குகளின் பழக்கம். நாளைக்கு ஞாயிறு, எல்லாரும் பார்ப்பார்கள், எதிர்த்து மனுக் கொடுப்பார்கள் என்று அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. கேட் என்ற சொல்லோடு என் காது அடைத்துவிட்டது.

நோட்டீஸ் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிறவரின் தகரக் கொட்டகையில் ஒருநாள் இப்படித்தான் ஒரு காகிதம் ஒட்டினார்கள். எட்டாம் நாள் கொட்டகை இல்லை. காகிதம் ஒட்டினால் பொருள் காணாமல் போகும். அதுதான் நான் கண்ணால் கண்டது. அப்படியானால் காகிதம் காணாமல் போனால் பொருள் தங்கும். இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

மறுநாள் விடிகாலையில் பால் வாங்க அனுப்பினார்கள். தூக்குவாளியைச் சோலை முனையில் வைத்துவிட்டு ஊற்றுக்கு ஓடினேன். ஒரு கல்லை உருட்டி அதன்மேல் ஏறினேன். பனியில் பசை காயவே இல்லை. ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும், தோசைக்கல்லிலிருந்து தோசை எழும்புவதுபோல முழுக் காகிதமும் கிழியாமல் வந்தது. மரத்தில் ஒரு வெளிறிய சதுரம் மட்டும் நின்றது. காகிதத்தை எட்டாக மடித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தேன். வைக்கும்போதுதான் கடைசி வரியைப் படித்தேன். 'இதனை அகற்றுவோர் தண்டனைக்கு உள்ளாவார்கள்.'

அன்று தொடங்கியது பயம். போலீஸ் ஜீப் எங்கள் ஊருக்கு வாரம் ஒருமுறைதான் வரும். அந்த மாதம் நாள்தோறும் வந்தது போல இருந்தது. டீச்சர், "பூகோளத்தை எடுங்க" என்றால் பக்கத்தில் இருப்பவளின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொள்வேன். துத்தமும் மைதாவும் சேர்ந்து புளித்த வாடை பையைத் திறந்தாலே எழுந்தது. "உன்ற பையில என்னடி செத்துக் கெடக்குது?" என்றாள் அம்மா. சாமி மாடத்து விபூதியை எடுத்துப் புத்தகத்துக்குள் தூவினேன். வாடையும் போகவில்லை, பயமும் போகவில்லை. காகிதத்தைக் கிழித்து எறிந்திருக்கலாம். ஆனால் அகற்றுவதற்கே தண்டனை என்றால் கிழிப்பதற்கு என்ன தண்டனையோ என்று அதையும் செய்யவில்லை.

ஒரே ஆறுதல், சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்கும் கேள்வி.

"ஏனுங்க, ஏதாச்சும் வந்துதுங்களா?"

"ஒண்ணும் வரலை."

நான் பாயில் கவிழ்ந்து படுத்துச் சிரித்துக்கொள்வேன். காகிதம் இல்லை, ஆகவே எதுவும் வரவில்லை, ஆகவே கேட்டும் வராது. அப்பாவின் முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டு போனதை நான் கணக்கில் எடுக்கவில்லை. "படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளுகூடவா அந்தப் பக்கம் போகலை?" என்று ஒருநாள் சுவரிடம் கேட்டார். ஒட்டிய நோட்டீஸ் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார்க்கும் வழக்கம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. அவரும் பார்க்கவில்லை. கெடு முடிந்தபின் அவரே, ஈ.ஓ. சொல்லச் சொல்ல, அந்த ஆசையான வாக்கியத்தை எழுத வேண்டி வந்தது.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்து சோலை முனையில் கல்தூண்களை இறக்கிவிட்டுப் போனது.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அந்தத் தூண்களை நின்று எண்ணிப் பார்த்தேன். காகிதம் என் புத்தகத்துக்குள் இருக்கிறது. கேட் எப்படி வருகிறது? நான் செய்த குற்றம் வீண் என்பதை விட, செய்ததால்தான் வந்துவிட்டதோ என்ற சந்தேகம் முதன்முதலாக அப்போது எட்டிப் பார்த்தது. அன்றிரவு காய்ச்சல் அடித்தது.

பள்ளிக்கூடம் அலுவலகத்துக்கு அடுத்த கட்டிடம். மத்தியானச் சோற்றை அப்பாவின் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துதான் தின்பேன். இரண்டு நாள் கழித்து அப்படித் தின்றுகொண்டிருந்தபோது லைனிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் நின்றவரைக் கடைவீதியில் சிலோன்காரம்மா என்பார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

"எங்க பீலிக்கு யாருங்க கேட்டு போடுறது?" என்றார். ஊற்றுக் குழாயைப் பீலி என்பது அவர் வழக்கம்.

ஈ.ஓ. கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நோட்டீஸ் ஒட்டி முப்பது நாள் முடிஞ்சு போச்சும்மா. அப்ப வராம இப்ப வந்து கூச்சல் போட்டா?"

"எங்க ஒட்டினீங்க?"

ஈ.ஓ. பக்கத்தைப் புரட்டினார். "ஊற்றடி நாவல் மரத்துல." படித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எல்லைக்கல்லில் ஒட்டாத அப்பாவை ஒரு பார்வை பார்த்தார்.

"அந்த மரத்தில சாஞ்சிக்கிட்டுத்தான் வாளி நெறையிற வரைக்கும் தெனமும் நிக்கிறேன். ஒரு கடதாசியும் அதில இல்ல. என்ன, மரம் முழுங்கிருச்சா ஒங்க கடதாசிய?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஈ.ஓ.வுக்குக் கோபம் வந்தது. "ஒட்டியிருந்தாலும் நீங்க என்ன படிச்சிருக்கவா போறீங்க?"

சிலோன்காரம்மா சிரிக்கவில்லை. "ஒரு கடதாசியப் படிக்காம கைநாட்டு வச்சித்தான் எங்கப்பா எங்கள நாடு மாத்தினாரு, தொரை. அதுக்குப் பொறகு நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிக்கிட்டேன். இப்ப வழியில கெடக்குற பொட்டலக் கடதாசியையும் விடுறதில்ல. ஒங்களுதையா விட்டிருப்பேன்?"

"கெடு முடிஞ்சுது. இனி கலெக்டர்கிட்டதான் போகணும்."

"போறம்," என்றார் அவர். போகவும் செய்தார்கள்.

நான் புளிச்சோற்றை மூடி வைத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவர் நேரே வீட்டுக்கு வரவில்லை. சோலைக்குப் போய்விட்டு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்தார். அம்மா உப்பு எடுத்துவர, அவர் வாசற்படியைப் பார்த்தபடி சொன்னார். "கிழியலை. பதமா உரிச்சிருக்குது."

மறுநாள் பள்ளியில் பூகோளப் புத்தகத்தைத் திறந்தேன். காகிதம் இல்லை.

அது இருந்தபோது பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று ஆனது. வழியில் விழுந்ததா, டீச்சர் எடுத்தாரா, இந்நேரம் ஜீப்பில் போய்க்கொண்டிருக்கிறதா? பெஞ்சுக்கு அடியில், சாக்கடை ஓரத்தில், பால்காரர் வீட்டு வாசலில் எல்லாம் தேடினேன். வீட்டிலோ அப்பா அலுவலகத்திலிருந்து சிவப்பு அட்டை போட்ட தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, சாப்பிடும்போதுகூடப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். நோட்டீஸைக் கிழித்தவர்களுக்கு எத்தனை வருடம் என்று தேடுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருநாள் படிப்பதை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"கண்ணு, அன்னிக்கு நாம டின்னோட மேலே போறத யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்லப்பா."

"நல்லா ரோசிச்சுச் சொல்லு. திரும்பி வர்றப்ப?"

"யாருமே பாக்கலப்பா."

"சரி, போ," என்று மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டார். விசாரணை என் வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது என்று நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

உண்மையான விசாரணை ஒரு சனிக்கிழமை வந்தது. பெண்கள் கொடுத்த மனுவின்மேல் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கி, ஊற்றடியில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். வயதானவர், குடையும் கம்பளித் தொப்பியுமாக இருந்தார். சாப்பாட்டுக்குள் முடித்துவிடும் அவசரம் முகத்தில் தெரிந்தது. லைனே திரண்டு வந்திருந்தது. கடைவீதியிலிருந்தும் ஆட்கள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா எல்லோருக்கும் முன்னதாகவே வந்து நாவல் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். அந்த வெளிறிய சதுரம் அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது. நிற்கவே தெம்பில்லாமல் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்து புடவையை விட்டேன்.

அதிகாரி அப்பாவிடம் நல்லவிதமாகத்தான் கேட்டார். "நோட்டீஸை நீங்கதானே ஒட்டினீங்க? மழைக்காலம். நனைஞ்சு விழுந்திருக்கும், இல்லே யாராவது சின்னப் பசங்க எடுத்திருப்பாங்க. அப்படித்தானே?"

பதிலையும் அவரே கொடுத்துவிட்டார். தலையாட்டினால் போதும். ஈ.ஓ. அப்பாவுக்காக முன்கூட்டியே தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டடி முன்னால் வந்திருந்தேன்.

"இல்லீங்க," என்றார் அப்பா. "நான் ஒட்டவே இல்லீங்க."

"யோவ்!" என்றார் ஈ.ஓ.

"மழைங்க. மேலே ஏறச் சோம்பலா இருந்துதுங்க. பாய் கடையிலயே சாட்சிக் கையெழுத்த வாங்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டனுங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். டீக்கடை பாய் முன்னால் வந்து, "கடையில வெச்சு டீ ஆத்திக்கிட்டேதானுங்க போட்டேன். ஒட்டுனத நான் பாக்கலீங்க," என்றார். அது முழு உண்மை. நோட்டீஸில் இருந்த தேதியன்று பியூன் மேட்டுப்பாளையத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார் என்பதும் தெரியவந்தது.

அதிகாரியின் முகம் மாறியது. "இதை எழுத்துல குடுப்பீங்களா?"

"எழுதியே கொண்டாந்திருக்கறனுங்க," என்று அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முதுகு மரத்தை விட்டு நகரவில்லை; அதிகாரிதான் எழுந்து வந்து வாங்க வேண்டியிருந்தது.

நான் "அப்பா" என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

நோட்டீஸ் முறைப்படி ஒட்டப்படாததால் இதுவரை நடந்த எதுவும் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், தண்டோராவும் போட வேண்டும் என்று அதிகாரி அங்கேயே சொல்லிவிட்டு, அப்பா பக்கம் திரும்பி, "உங்களுக்கு மெமோ வரும்," என்றார்.

சிலோன்காரம்மா சும்மா விடவில்லை. "நாங்க மூணு மைல் சுத்தி நடந்து செத்தாலும் பரவால்ல, கிளார்க்கய்யா தல நனையக் கூடாது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கடைசி ஆள் இறங்கிப் போகும்வரை அந்த மரத்தை விட்டு அவர் அசையவில்லை. நான் அவமானத்தில் அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நோட்டீஸுக்குத் தண்டோரா அடித்தார்கள். கைநாட்டும் கையெழுத்துமாக ஆட்சேபணைகள் வந்து அப்பாவின் மேஜையை மூடின. கோப்பு, 'மேல் உத்தரவு வரும்வரை நிலுவையில்' வைக்கப்பட்டது. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த உத்தரவு வரவில்லை. எங்கள் சோலையில் இன்று நிற்கும் பெரிய மரங்களெல்லாம் நிலுவையில் வளர்ந்தவை. புது அறிவிப்பைக்கூட நேற்று ஊற்றடியில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினேன். அரசு வேலையில் இருக்கும்போது வாயால் சொன்னால், அன்று அப்பாவே சொல்லியிருந்தாலும், அதற்குத் தூண்டுதல் என்று பெயர். ஓய்வூதியக்காரர்களுக்கு அப்படி ஒரு தடை இருப்பதாக நான் எந்த விதியிலும் படிக்கவில்லை.

அப்பாவுக்குக் கூடலூர்ப் பக்கம், ஓவேலியைத் தாண்டிய ஓர் இடத்துக்கு மாறுதல் வந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், நானே ஒரு நோட்டீஸ் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டிய நாளில், அதற்குரிய விதியைத் தேடிப் படித்தேன். அதே சிவப்பு அட்டைப் புத்தகம்தான். ஒட்டிய நோட்டீஸ் பிறகு நனைந்தாலும், கிழிந்தாலும், எவரேனும் அகற்றினாலும் அது ஒட்டப்பட்டதாகவே கொள்ளப்படும். கெடு முடிந்தபின் வரும் ஆட்சேபணையை ஏற்க வேண்டியதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். 'ஒட்டினேன், யாரோ எடுத்துவிட்டார்கள்' என்பது உண்மை. சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது. அடுத்த வாரம் கேட் வந்திருக்கும். என் பூகோளப் புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுத்தது யார், அவர் ஏன் அந்த மரத்தை விட்டு அசையவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ஆனால் ஊரை விட்டுக் கிளம்பிய அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் பாய் டம்ளரை நீட்டி, "உங்க சோம்பேறித்தனத்துக்கு நம்ம கடை டீங்க. காசு வேண்டாம்," என்றார். "ஆமாங்க பாய், ஒடம்பு வணங்கறதில்ல," என்று அப்பா வாங்கிக் குடித்தார். நான் அவரோடு பேசி ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. பசை டின்னைப் பிடித்த சாட்சி முன்னாலேயே பொய் சொன்ன மனிதரோடு என்ன பேச்சு? அதிகாரிக்குப் பயந்து சொன்ன பொய் என்று வைத்துக்கொண்டேன். பஸ் சோலையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை, பாதை நிறைய ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியில் படிந்த பனியைச் சட்டைக் கையால் துடைத்து, வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். பெரியவளானதும் விதிகளையெல்லாம் ஒழுங்காகப் படித்து, அதன்படியே நடக்கும் ஓர் அதிகாரியாக வேண்டும், இவரைப் போல ஆகிவிடக் கூடாது என்று நான் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் விதியைக் கடைசி வரி வரைக்கும் படித்திருந்த ஒரே ஆளின் தோளில்தான் அப்போது என் தலை சாய்ந்திருந்தது.